மத்தியான ஊசி

கத்துட்டி. வர்ஷி, ஒரே ஒரு தடவ வாய்விட்டுக் கத்திரு. அம்மா இங்கனதான் இருக்கேன், இந்தப் பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம், ஒரு கால் ஆடுற இரும்பு நாற்காலியில, உன் பையையும் தண்ணி பாட்டிலையும் மடியில வச்சுக்கிட்டு. உள்ள அந்த மிஷின் டக் டக்குங்குது. ஒவ்வொரு டக்குக்கும் கொஞ்சூண்டு கரண்டு நரம்புக்குள்ள போகும்னு அந்த டெக்னீசியன் தம்பி சொன்னாரு, "பயப்படாதீங்கம்மா, சுண்டி விட்ட மாதிரிதான் இருக்கும், மொதல்ல கை, அப்புறம் கால், எல்லாம் சேத்து முக்கா மணி நேரம்"ன்னு. கையில வச்சப்ப நீ "ஆ"ன்னே. ரெண்டாவதுக்கு "யம்மா"ன்னே. மூணாவதுக்கு "அண்ணா போதும்ணா"ன்னு சிரிப்பும் அழுகையுமா ஒரு சத்தம் போட்டே பாரு, நான் இங்க உக்காந்துக்கிட்டு சிரிச்சுட்டேன். பக்கத்துல இருந்த பெரியவரு ஒரு மாதிரியாத் திரும்பிப் பாத்தாரு, பிள்ள உள்ள கத்துது, இவ என்ன பொம்பள பல்லக் காட்டுதான்னு. அவருக்கு என்ன தெரியும். இப்ப காலுக்கு வந்துட்டாங்க. "கணுக்கால்ல வைக்கேன் பாப்பா, ஆட்டாம வச்சுக்கோ"ன்னு தம்பி சொல்லி எவ்வளவு நேரமாச்சு. டக். ஒண்ணையும் காணோம். டக். தூங்கிட்டியாட்டி? பெத்த பிள்ள வலியில கத்தணும்னு வேண்டிக்கிட்டு எவளாவது உக்காந்திருப்பாளா, நான் உக்காந்திருக்கேன். இருக்கங்குடி மாரியாத்தா, வெள்ளியில ரெண்டு கால் வாங்கி உன் உண்டியல்ல போடுதேன், ஒரு "ஆ" மட்டும் எனக்குக் கேக்க வச்சிரு. பெருசால்லாம் வேண்டாம், எறும்பு கடிச்சா கத்துவாளே, அந்த அளவுக்குப் போதும்.

எல்லாம் அந்தச் செருப்புலதான் தெரிய வந்துச்சு. காலாண்டு லீவு, ஞாயித்துக்கிழம, கடையில எனக்கு வார லீவும் அன்னைக்குத்தான், வாசல்ல கொடியில கெடந்த துணிய உருவிக்கிட்டிருக்கேன். இவ சிநேகிதி வீட்டுல இருந்து வாரா, ஒரு கால்ல செருப்பு இருக்கு, ஒரு கால்ல இல்ல. "ஏட்டி, இன்னொண்ணு எங்க?"ன்னேன். குனிஞ்சு பாத்தா. அப்பத்தான் பாக்கா. "இருந்துச்சேம்மா"ங்கா, ஏதோ நான் எடுத்து ஒளிச்சு வச்ச மாதிரி. ரெண்டு பேரும் தேடிக்கிட்டே போனோம், தார் ரோடு கொதிக்கு, எனக்கு செருப்பையும் மீறி சூடு ஏறுது, இவ வெறுங்கால ஜம்முனு ஊணி நடக்கா. பால் டிப்போ வாசல்ல கெடந்துச்சு. அங்க இருந்து எங்க வீட்டுக்கு முந்நூறு அடியாவது இருக்கும். முந்நூறு அடி ஒரு பிள்ள ஒத்தச் செருப்போட நடந்து வந்திருக்கா, அவ காலு அவளுக்குச் சொல்லவே இல்ல. அவ விழுந்து விழுந்து சிரிச்சா, "எம்மா, எனக்கு எம்புட்டு மறதி பாரேன்"ன்னு. நானும் "லூசு, தலையக் கழட்டி வச்சிட்டு வந்தியா"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் வந்தேன். வீட்டுல பாதத்தத் திருப்பிப் பாத்தா ரெண்டு ரூபாத் துட்டு அகலத்துக்குக் கொப்புளம். விரல வச்சு அழுத்துனேன். "வலிக்குதாட்டி?" "இல்லம்மா." இன்னும் அழுத்துனேன். அவ பாட்டுக்கு டிவி பாக்கா.

எனக்குக் காலுன்னா வலிதான். பன்னெண்டு வருஷமா சேலைப் பிரிவுல நிக்கேன், காலையில ஒம்பதரைக்கு நின்னா ராத்திரி கடை அடைக்கிற வரைக்கும் நிக்கணும், இப்பத்தான் கொஞ்ச நாளா ஆளுக்கொரு ஸ்டூல் போட்டுருக்காங்க, அதுல உக்காந்தா சூப்பர்வைசர் மூஞ்சி போற போக்கப் பாத்து யாரும் உக்காருறதில்ல. வீட்டுக்கு வந்தா குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். வெந்நியில உப்பப் போட்டுக் கால வச்சுக்கிட்டு பாழாப்போன காலுன்னு நான் திட்டாத நாளு கெடையாது. அப்ப இவ பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு "எனக்குலாம் காலே வலிக்கதில்லம்மா"ன்னு பெருமையாச் சொல்லுவா. நானும் "சின்ன வயசுல்லா, அப்படித்தான் இருக்கும்"பேன். அதுக்கு முன்ன ஒரு ஆறு மாசம் "கால்ல எறும்பு ஊருதும்மா"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. "செல்ல நோண்டிக்கிட்டு ஒரே எடத்துல உக்காந்தா மரத்துத்தான் போகும், எந்திரிச்சு ஒரு கொடம் தண்ணி தூக்கு"ன்னேன். எறும்பு ஊருதுன்னு நரம்பு கூப்பிட்டுச் சொல்லியிருக்கு, நான் தண்ணி தூக்கச் சொல்லியிருக்கேன். என் வலியில பாதிய அவளுக்குக் குடுக்க முடியாதா. ஒரு நாளு ஸ்கூல் விட்டு வந்து பையத் தூக்கிப் போட்டுட்டு "எம்மா, காலு வலிக்குது, அமுக்கி விடேன்"ன்னு என் மடியில ரெண்டு காலையும் நீட்ட மாட்டாளா. நீட்டுவா முந்தியெல்லாம். நாலு வயசுல, அஞ்சு வயசுல, உள்ளங்கால்ல விரலக் கொண்டு போனாலே போதும், தொட வேண்டாம், வீடே அதிர்ற மாதிரி சிரிச்சு உருண்டு எந்திரிச்சு ஓடிருவா. அந்தக் காலு எனக்கு வேணும். அந்த ஓட்டம் வேணும். ஒரு மூணு நிமிஷம் திரும்பக் குடுத்தாக்கூடப் போதும்.

டக். இன்னும் ஒண்ணும் இல்ல. தம்பி என்னமோ ஒயரக் கழட்டி மாட்டுதாரு போல. "இன்னும் கொஞ்சம் கூட்டுதேன் பாப்பா"ங்காரு. "சரிண்ணா"ங்கா, கல்யாண வீட்டுல இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தவான்னு கேட்டா சொல்லுற மாதிரி.

காலையில அந்த டாக்டரம்மா முன்னாடி நடந்தத நெனைச்சா எனக்கு நாக்கப் பிடுங்கிக்கிடலாம் போல இருக்கு. நிலோபர்னு பேரு, சின்ன வயசுப் பொண்ணு, மெதுவாத்தான் பேசுது, ஆனா கண்ணு எல்லாத்தையும் பாக்குது. கோவில்பட்டியில நாங்க வழக்கமாப் பாக்குற டாக்டருதான் செருப்புக் கதையக் கேட்டுட்டு திருநெல்வேலிக்குப் போங்கன்னு இங்க எழுதிக் குடுத்தாரு. இவளப் படுக்க வச்சு கண்ண மூடிக்கச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒண்ணக் குச்சியில மாட்டி, அதால பாதத்துல அங்கங்க தொட்டாங்க. "தொட்டது தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லணும், சரியா?" மொதல்ல பெருவிரல். இவ சும்மா இருந்தா. அடுத்த விரல். "தெரியுது"ன்னா. குதிகால். "தெரியுது." எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா நான் பாத்துக்கிட்டே இருக்கேன்ல, கணக்கு ஒத்து வரல. டாக்டர் ஒரே தாளத்துல தொடுதாங்க, இவ அந்தத் தாளத்தப் பிடிச்சுக்கிட்டா, மூச்சு விடுற நேரத்த வச்சுச் சொல்லுதா. டாக்டர் லேசாச் சிரிச்சாங்க. அந்தத் தூண்டில் நரம்பக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாங்க. பாதத்துக்கும் அதுக்கும் ஒரு சாண் தூரம். "தெரியுது டாக்டர்"ன்னா எம்மக, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, பரீட்சையில பாஸாகணும்ங்கிற மூஞ்சியோட. டாக்டர் என்னையப் பாத்தாங்க. நான் செவுத்துல இருந்த காலண்டரப் பாத்தேன்.

அப்புறம் உக்கார வச்சுக் கேட்டாங்க. மூணு மாசச் சராசரி சர்க்கரை ரொம்ப எகிறி இருக்கு, இவ்வளவு நாளு இப்படி இருந்தா நரம்பு சாப்பாடு இல்லாத மாதிரி வாடிப் போகும், பாதத்துலதான் மொதல்ல காட்டும், பெரியவங்களுக்கு நெறைய வரும், பிள்ளைகளுக்கு இவ்வளவு சீக்கிரத்துல அபூர்வம், அதான் கேக்கேன், ஊசி எதையாவது விடுதாளா. "காலையில, மத்தியானம், ராத்திரி, படுக்கும்போது ஒண்ணு. நாலுல எது விட்டுப் போகுது?" "ஒண்ணுகூட விட்டதில்ல டாக்டர்"ன்னா வர்ஷி. பட்டுனு, தண்ணி பட்ட பாடமா. டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா"ன்னாங்க. அப்ப உண்மையச் சொல்ல ஒரு நொடி இருந்துச்சு. வாயத் தொறந்தேன். "கரெக்டாப் போட்டுருவா டாக்டர், அதுல எல்லாம் கெட்டிக்காரி"ன்னேன். பன்னெண்டு வருஷமா சேலை விக்கேன், இழை போன எடத்த மடிப்புக்குள்ள தள்ளிட்டு முந்தியப் பெருசா விரிச்சுக் காட்டுறது எனக்குத் தானா வருது. அவங்க நம்பிட்டாங்க. நம்பாம என்ன செய்வாங்க, தாயும் பிள்ளையும் ஒரே மாதிரி சொன்னா. "அப்ப அளவுதான் பத்தல"ன்னு சீட்டுல மத்தியானத்துக்கு எட்டு யூனிட்டுன்னு இருந்தத அடிச்சிட்டு பன்னெண்டுன்னு எழுதுனாங்க. "இன்னைக்கு மத்தியானத்துல இருந்தே ஆரம்பிச்சிருங்க. டெஸ்ட் முடிஞ்சதும் ஊசியப் போட்டுட்டு சாப்பிடட்டும்." மணி பன்னெண்டே முக்கால். சீட்டு என் கைப்பையில இருக்கு.

எட்டு யூனிட்டு பத்தலையாம், எப்படிப் பத்தும், எட்டு போட்டாத்தானே. ஞாயித்துக்கிழம வீட்டுல என் கண்ணு முன்னாடி எட்டு போடுதா, சாயங்காலம் விரல்ல குத்திப் பாத்தா சர்க்கரை நூத்திப் பத்து, நூத்தி இருவது, அழகா நிக்கும். ஒரு ஞாயிறு ஊசியப் போட்டுட்டு செல்லப் பாத்துக்கிட்டு இருந்துட்டா, சோறு திங்க அரை மணி நேரம் பிந்திருச்சு. சர்க்கரை ஒரேயடியா எறங்கி, வேர்த்துக் கொட்டி, கை வெடவெடன்னு ஆடி, "அம்மா நீ ஏன் ரெண்டா இருக்கே"ன்னா. சீனிய வாயில அள்ளிப் போட்டு, கன்னத்துல தட்டித் தட்டி எழுப்புனேன். அது எட்டுல. பன்னெண்டு தெனமும் போட்டா? பரீட்சை ஹாலுல? ரோட்டக் கடக்கும்போது? இல்ல, அவ போட மாட்டா, வழக்கம் போலப் போட மாட்டா, அப்படின்னா நரம்பு இன்னும் வாடும், இன்னைக்குப் பாதம், அடுத்து கணுக்கால், டாக்டர் கையால காட்டுனாங்களே, காலுறை ஏறுற மாதிரி மேல ஏறும்னு. போட்டாலும் ஆபத்து, போடாட்டியும் ஆபத்து. ரெண்டையும் எழுதிக் கையில குடுத்தது அந்த டாக்டர் இல்ல, நான்.

அவ ஏன் போட மாட்டேங்கா? அதையும் நானே சொல்லிக்கிடுதேன், வேற யாருகிட்ட சொல்ல. ஒம்பது வயசுல வந்துச்சு. தண்ணி தண்ணின்னு குடிச்சா, படுக்கையில ஒண்ணுக்குப் போனா, ஒரு வாரத்துல எலும்புந்தோலுமா ஆகி மயங்கி விழுந்தா. பிள்ளைக்கு சர்க்கரைன்னாங்க. "அது வயசானவங்களுக்குல்ல வரும்?"ன்னு நான் சண்டைக்கே போனேன். வாழ்நாளெல்லாம் தெனம் நாலு ஊசின்னாங்க. அவுக, எங்க வீட்டுக்காரரு, லாரி ஓட்டுற மனுசன், எத்தனை விபத்தப் பாத்திருக்காரு, ஆஸ்பத்திரிப் படியில உக்காந்து துண்ட வாயில வச்சுக்கிட்டு அழுதாரு. நான் அழல. நான் மொதல்ல சொன்ன வார்த்தை என்ன தெரியுமா, "யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது." பொம்பளப் பிள்ள. நாளைக்கு ஒருத்தன் கேட்டு வரணும். ஊசி போடுற பிள்ளையா, அய்யய்யோன்னு போயிருவாங்க. ஒம்பது வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை வராமப் போயிருமேன்னு ஒரு தாய் பயந்திருக்கா பாருங்க, அந்த அறிவாளி நான்தான். அவ சடங்கான அன்னைக்கு, ரெண்டு வருஷத்துக்கு முன்ன, பன்னெண்டு வயசு, அவுக அக்கா பேச்சியம்மா மதினி தூக்குச்சட்டி நெறைய உளுந்தங்களி கிண்டிக் கொண்டாந்தாங்க. கருப்பட்டியும் நல்லெண்ணெயுமா மினுமினுன்னு. "எம் மருமவளுக்கு இடுப்பு கெட்டியாகணும்ல"ன்னு உருட்டி உருட்டி வாயில வைக்காங்க. தெருப் பொம்பளைக பூராவும் சுத்தி உக்காந்திருக்கு. வர்ஷி என்னையப் பாத்தா. திங்கவா வேண்டாமான்னு அந்தக் கண்ணு கேட்டுச்சு. "தின்னுட்டி, அத்தை ஆசையாத் தாராங்கள்ல"ன்னேன். அஞ்சு உருண்டை. அப்புறம் சேலை மாத்தணும்னு உள்ரூமுக்குக் கூட்டிப் போயி, கதவத் தாப்பாப் போட்டு, ஒரு குத்துமதிப்பா அளவப் போட்டு ஊசி ஏத்தி, முகத்தத் தொடச்சு, திரும்பவும் மணையில கொண்டாந்து உக்கார வச்சேன். சாயங்காலம் சர்க்கரை மிஷின் நானூத்திச் சொச்சம் காட்டுச்சு. வாந்தி எடுத்தா. "கண்ணு பட்டுருச்சு"ன்னு மதினி சுத்திப் போட்டாங்க.

அந்த வருஷந்தான் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாத்துனது. "ஊசியப் பிள்ளைக முன்னாடி எடுக்காத, கக்கூஸுக்குப் போயிப் போட்டுக்கோ"ன்னு சொல்லி அனுப்பினேன். சொன்னது நான்தான், இந்த வாயாலதான். அந்தக் கக்கூஸுக்குத் தாப்பாள் கெடையாதாம், சன்னலும் இல்லையாம். ஒரு கையால கதவப் பிடிச்சுக்கிட்டு, மருந்து இருக்குற பென்னத் திருகி, ஊசிய மாட்டி, சட்டையத் தூக்கி, நாத்தத்துக்குள்ள நின்னு. எத்தனை நாளு நின்னாளோ. என்னைக்கு விட்டாளோ. எனக்கு எப்பத் தெரியும்? தெரியும், ஏழெட்டு மாசமாத் தெரியும். மாசத்துக்கு ஒண்ணு தீர வேண்டிய, பள்ளிக்கூடப் பென்னுக்குப் போடுற மருந்துக் குப்பி தீரவே மாட்டேங்குது. பிரிட்ஜுல முட்டைக்குப் பக்கத்துல புதுசு அப்படியே நிக்குது. நான் அதப் பாத்தேன். பிரிட்ஜக் கதவ மூடுனேன். கேட்டா அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும்ல. "எங்கம்மா போட?"ம்பா. அதுக்குப் பதிலு இல்லாமத்தான் நான் கேக்கல. பழசானதை எடுத்து அவுகளுக்குத் தெரியாம குப்பையில போட்டேன், அவ மூஞ்சியப் பாக்காம. அவளும் என் மூஞ்சியப் பாக்கல. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அப்படி ஒரு ஒத்துமை. என்ன ஒத்துமையோ, நாசமாப் போக.

சொல்லிரலாமா. போயி டாக்டர் கதவத் தட்டி, "அம்மா, தப்பாச் சொல்லிட்டேன்"னு. என்ன நெனைப்பாங்க. நெனைக்கட்டும். பெத்தவளா நீன்னு கேப்பாங்க. கேக்கட்டும். ஆனா வர்ஷிய அவங்க முன்னாடி பொய்காரியா நிறுத்தணுமே, அவ என்னையக் காப்பாத்தத்தானே சொன்னா, எங்கம்மா சொன்னதச் செஞ்சேன்னு ஒரு வார்த்தை அவ வாயில இருந்து வரல பாத்தீங்களா. ஆனா இந்த டெஸ்டுல ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சுன்னா? காலு நல்லாத்தான் இருக்கு, செருப்பு மறதியிலதான் போச்சுன்னு வந்துருச்சுன்னா, யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம், நானே பாத்துக்கிடுவேன், நாளைக்கே அவ கிளாஸ் டீச்சரப் பாத்து, இல்ல, டீச்சரு நாலு பேருகிட்ட சொல்லிருவா. பாரு, திரும்பவும் அங்கதான் போய் நிக்கேன். சுத்திச் சுத்தி அங்கதான். ஒரு "ஆ" வந்தாப் போதும். ஒரு "ஆ" வந்துட்டா நான் வாயத் தொறக்க வேண்டாம். கத்துட்டி எங்கண்ணு. கத்து.

"ஆ!"

வந்துருச்சு. வந்துருச்சு மாரியாத்தா. நாற்காலியில இருந்து எந்திரிச்சே நின்னுட்டேன், தண்ணி பாட்டில் உருண்டு பெரியவரு காலடிக்குப் போச்சு. "யம்மா, வலிக்கு!"ன்னு இன்னொரு சத்தம், நல்லாக் கணீர்னு, இந்தத் திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கணும்ங்கிற மாதிரி. அப்புறம்தான் எனக்கு உறைச்சுச்சு. டக் சத்தம் எங்க? ரெண்டு "ஆ"வுக்கும் டக் கேக்கலையே. உள்ள அந்தத் தம்பி சிரிக்காரு. "பாப்பா, நான் இன்னும் வைக்கவே இல்ல. ஒயர மாத்திக்கிட்டிருக்கேன்." பெறகு எம்மக மெதுவாக் கேக்கா, "இல்லண்ணா, எங்கம்மா வெளிய உக்காந்திருக்காங்க. நான் கத்தலைன்னா பயந்துருவாங்க. சும்மா ஒரு நாலஞ்சு தடவ கத்திக்கிடவா?"

நான் அந்தத் திரையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பெரியவரு பாட்டிலக் குனிஞ்சு எடுத்து என் கையில குடுத்தாரு. அதுக்கப்புறம் மிஷின் பாட்டுக்கு அடிச்சுது, டக், டக், டக், இவ நிறுத்தாம "ஆ"வும் "ஊ"வும் போட்டுக்கிட்டே இருந்தா, சில நேரம் முந்தி, சில நேரம் பிந்தி. நான் கேட்டது எனக்குக் கெடச்சுருச்சு. இப்ப அத நிறுத்தச் சொல்லி எப்படிக் கேப்பேன்.

வெளிய வந்தா. பாதத்துல ஒட்டுன பசைய உள்பாவாடை நுனியால தொடச்சுக்கிட்டே, "செம கரண்டும்மா, சுள்ளுன்னு இருந்துச்சு"ன்னா. "அப்படியா"ன்னேன். செருப்ப மாட்டும்போது குனிஞ்சு கண்ணால பாத்துப் பாத்து மாட்டுனா. அப்புறம் பையத் தொறந்து அந்தச் சின்ன ஜிப் பைய எடுத்துக்கிட்டு, அங்கயும் இங்கயும் பாத்து, ரொம்பச் சாதாரணமாக் கேட்டா.

"பாத்ரூம் எங்கம்மா இருக்கு?"

அவ கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு டாக்டர் ரூம் பக்கம் போனேன். கதவுகிட்ட நின்ன ஆயாம்மா கைய நீட்டித் தடுத்தாங்க. "டோக்கன் எத்தனைம்மா?"

"காலையிலயே பாத்தாச்சு. ஒரு விஷயம் சொல்ல விட்டுப் போச்சு."

"எல்லாரும் விஷயத்தோடதான் உக்காந்திருக்காங்க. வரிசையில போங்க."

வரிசையில பாத்தா ரெண்டாவது பெஞ்சில இருந்து ஒரு குரல், "ஏ செண்பகம், நீ எங்க இங்க?" எங்க கடையில எப்பவும் என்கிட்டயே சேலை எடுக்குற அக்கா, பேச்சியம்மா மதினிக்கு எதிர் வீடு. "யாருக்கு ஒடம்புக்கு? உனக்கா?" வர்ஷி சட்டுனு அந்த ஜிப் பைய முதுகுக்குப் பின்னால கொண்டு போனா. அவ்வளவு வேகம். என் வாயில பதிலு தயாரா இருந்துச்சு, எனக்குத்தான்க்கா, குதிகால் வலின்னு, வரிசையா வந்து நாக்கு நுனியில நின்னுச்சு. அந்த நேரத்துலதான் கதவத் தொறந்துக்கிட்டு டாக்டரம்மா வெளிய வந்தாங்க, சாப்பிடப் போறாங்க போல, கையில செல்லு. இனி ரெண்டு மணிக்குத்தான் வருவாங்க. அதுக்குள்ள பன்னெண்டு உள்ள போயிரும், இல்லன்னா கக்கூஸுல கொட்டிப் போயிரும்.

"டாக்டரம்மா, நான் பொய் சொன்னேன்." எனக்கு மெதுவாப் பேசத் தெரியாது, கடையில மூணு கவுண்டர் தள்ளிக் கேக்குற குரலு. "எம் பொண்ணுக்கு ஒம்பது வயசுல இருந்து சர்க்கரை. பள்ளிக்கூட நாள்ல மத்தியான ஊசி போடுறதே இல்ல, எத்தனை மாசமோ. பள்ளிக்கூடத்துல யாரும் பாத்துரக் கூடாதுன்னு கக்கூஸுக்குப் போகச் சொன்னேன், அங்க அவளால போட முடியல. தெரிஞ்சும் நான் கேக்கல. அவ தப்பு ஒண்ணும் இல்ல. அந்தப் பன்னெண்ட அடிச்சிருங்க."

வர்ஷி என் கைய இறுக்கிப் பிடிச்சா. "மெதுவாப் பேசும்மா, எல்லாரும் பாக்காங்க"ன்னு முணுமுணுத்தா, கண்ணு பூரா தண்ணி.

டாக்டரம்மா என்னையத் திட்டுவாங்கன்னு நின்னேன். அவங்க சீட்ட வாங்கி, அங்கயே செவுத்துல வச்சு, பன்னெண்ட அடிச்சு எட்டுன்னு எழுதுனாங்க. "நீங்க சொல்லாமப் போயிருந்தா நான் இந்தப் பிள்ளைய மயக்கத்துல தள்ளியிருப்பேன்மா"ன்னாங்க. காலு திரும்பி வருமான்னு கேட்டேன். "இப்ப எதுவும் உறுதியாச் சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ள, நாலு ஊசியும் ஒழுங்காப் போனா கொஞ்சங் கொஞ்சமாத் திரும்ப வாய்ப்பு இருக்கு. மோசமாகாம நிறுத்தவாவது செய்யலாம். மாசக் கணக்காகும், வருஷங்கூட ஆகும்." பெறகு குனிஞ்சு வர்ஷிகிட்ட, "மணி ஒண்ணரை ஆகுது, நீ மொதல்ல ஊசியப் போடு, சாப்பிடு, ரெண்டு மணிக்கு வா, நம்ம ரெண்டு பேரும் பேசுவோம்"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

நான் எங்க ஊரு அக்கா மூஞ்சியப் பாக்கல. பாக்கத் தைரியம் இல்ல. அவங்க பெஞ்சில தள்ளி உக்காந்து எடம் விட்டது மட்டும் தெரிஞ்சுச்சு. வர்ஷி அந்த எடத்தப் பாத்தா, என்னையப் பாத்தா, வராந்தாக் கடைசியில பாத்ரூம்னு போட்டிருந்த போர்டப் பாத்தா. எவ்வளவு நேரம் நின்னாளோ எனக்குத் தெரியாது. அப்புறம் போயி உக்காந்தா. பென்ன எடுத்தா, ஊசிய மாட்டுனா, அளவத் திருகுனா. சட்டை ஓரத்த ரெண்டு விரலால தூக்குனா. என்னைய அறியாம நான் அவளுக்கும் வராந்தாவுக்கும் நடுவுல போயி நின்னு, சேலை முந்தானைய விரிச்சுப் பிடிச்சிருக்கேன்.

அவ நிமிர்ந்து பாக்காமலே சொன்னா.

"தள்ளி நில்லும்மா. வெளிச்சத்த மறைக்கே, நம்பர் தெரியல."

நான் முந்தானைய விட்டுட்டுத் தள்ளி நின்னேன்.